விரதம் இருக்கையில் மாத்திரையை நிறுத்தலாமா? கோயிலுக்குப் போகிறவருக்கு ஆயுள் கூடுமா?

செந்தூல்வாசி, 5 ஜனவரி 2025, காலை 9.40

என் தாயாருக்கு வயது 63. பதினோரு ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. இவ்வாண்டு தைப்பூசத்திற்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, டிசம்பர் 25 முதல் 48 நாள் விரதத்தில் இருக்கிறார். பகலில் ஒருவேளை உணவு, இரவில் பாலும் பழமும். விரதம் தொடங்கிய நாளிலிருந்து மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று அமெரிக்க ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாகப் பஜனைக் குழுவில் ஒருவர் பேசினார் என்றும், விரத நாட்களில் மருந்து எடுப்பது நம்பிக்கைக் குறைவு என்றும் பதில் வந்தது. அப்படி ஓர் ஆராய்ச்சி உண்மையிலேயே உண்டா? பக்தியால் உடல் நலம் பெறும் என்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தண்ணீர்மலை அடிவாரம், 5 ஜனவரி 2025, காலை 11.15

ஆராய்ச்சியைப் பிறகு பேசலாம். தாயார் எந்தெந்த மாத்திரைகளை எடுத்து வந்தார் என்பதைக் கிளினிக் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். இனிப்புநீர் மாத்திரைகள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல. சில மாத்திரைகளை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வேறு சில அப்படிச் செய்வது அரிது. ஆகவே தாமாக நிறுத்தியது தவறு, ஒருவேளை உணவோடு பழைய அளவையே தொடர்ந்திருந்தால் அதுவும் தவறாகியிருக்கலாம். நாளை திங்கட்கிழமை, கிளினிக் திறந்திருக்கும். விரதத்தைக் கைவிடச் சொல்லி அழைத்துப் போகாதீர்கள், வரமாட்டார். விரதத்தை நல்லபடியாக முடிக்க வழி கேட்டு வருவோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

நான் பினாங்கில் அரசாங்கக் கிளினிக்குகளில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கோயிலுக்குப் போகிறவளும்கூட.

தண்ணீர்மலை அடிவாரம், 6 ஜனவரி 2025, இரவு 10.05

அந்த ஆராய்ச்சி உண்டு. பஜனைக் குழுக்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து 74,534 பெண்களின் விவரங்களை எடுத்து, 1996 முதல் 2012 வரை யார் உயிரோடிருந்தார்கள், யார் இறந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். முடிவு 2016இல் ஒரு மதிப்புமிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. வாரத்திற்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்கள் அந்தப் பதினாறு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைக் கேட்டவுடன் நூறு பேரில் முப்பத்து மூவர் பிழைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, செல்லாதவர்கள் நூறு பேரில் பதினைந்து பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், செல்கிறவர்கள் நூறு பேரில் பத்துப் பேர் இறந்தார்கள் என்பதே அந்த விழுக்காட்டின் பொருள். அதுவும் சிறிய வேறுபாடு அன்று.

நோயாளிகளால் கோயிலுக்கு நடக்க முடியாது, நலமாக இருப்பவரே போகிறார், அதனால்தான் இப்படித் தெரிகிறது என்று நான் முதலில் நினைத்தேன். ஆய்வாளர்களுக்கும் அந்த ஐயம் இருந்திருக்கிறது. தொடக்கத்திலேயே இதய நோயோ புற்றுநோயோ இருந்தவர்களை விலக்கிவிட்டுத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் வேறுபாடு நின்றது. காரணம் எங்கே என்று தேடியபோது, வழிபாட்டுக்குச் செல்கிறவர்கள் குறைவாகப் புகைபிடித்தார்கள், குறைவாக மனச்சோர்வு கொண்டார்கள், அவர்களைச் சுற்றி உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பவை தெரியவந்தன. மருந்தை நிறுத்தியவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பதும் முக்கியம். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் எல்லோரும் அமர்கிறார்கள், ஓர் இருக்கை காலியாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். நம் கோயிலில் நான் காலை ஏழு மணிக்குப் போய், மூன்று சுற்றுச் சுற்றி, திருநீறு பூசிக்கொண்டு, யாரிடமும் ஒரு சொல் பேசாமல் திரும்பி வரலாம். பத்து வாரம் போகாவிட்டாலும் குருக்களுக்கு அர்ச்சனைச் சீட்டு ஒன்று குறைந்திருக்குமே தவிர, யார் வரவில்லை என்பது தெரியாது. அந்த 33 விழுக்காடு இப்படிப் போய் வருகிறவருக்கும் பொருந்துமா என்பதற்கு அந்த ஆய்வில் விடை கிடையாது.

தண்ணீர்மலை அடிவாரம், 7 ஜனவரி 2025, மாலை 5.30

தாயாருக்காகப் பிறர் கூட்டு வழிபாடு செய்தால் பலன் உண்டா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர். தியானம் உடலைத் தளர்த்தி அமைதிப்படுத்தும் என்று 1975இலேயே எழுதியவர், வழிபாட்டுக்குப் பகைவர் அல்லர். ஆய்வுக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்த டெம்பிள்டன் அறக்கட்டளையும் சமயத்தில் அக்கறை கொண்ட நிறுவனமே.

ஆறு மருத்துவமனைகளில் இதய மாற்றுவழி (பைபாஸ்) அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காக வழிபாடு நடந்தது, இரண்டாம் குழுவுக்காக நடக்கவில்லை. இவ்விரு குழுவினரிடமும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. மூன்றாம் குழுவிடம் உங்களுக்காக நிச்சயம் வேண்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேண்டினார்கள். சிக்கல் ஏற்பட்டவர்கள் முதல் குழுவில் 52 விழுக்காடு, இரண்டாவதில் 51, மூன்றாவதில் 59. முடிவு 2006இல் வெளிவந்தது.

மூன்றாவது குழுவின் 59 என்னைச் சிந்திக்க வைத்தது. அறுவைக்கு முதல்நாள் இரவு ஒருவரிடம் போய், உங்களுக்காகப் பெரிய கூட்டமே வேண்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால், என் நிலைமை அவ்வளவு மோசமா என்று அவர் பயந்திருக்கமாட்டாரா? தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வார்டில் நான் பார்த்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

இதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அரசர் நீடு வாழ்க என்று நாடு முழுவதும் நாள்தோறும் வேண்டிக்கொண்டும், வசதி படைத்த மற்றப் பிரிவினரைவிட அரச குடும்பத்தார்தாம் குறைந்த ஆயுளில் இறந்தார்கள் என்று பிரான்சிஸ் கால்டன் 1872இல் எழுதினார். குறும்புக்காரர்.

செந்தூல்வாசி, 8 ஜனவரி 2025, இரவு 9.20

கிளினிக்குக்குப் போய் வந்தோம். புத்தகத்தில் மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்று இரண்டு இருக்கின்றன. விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 17.2 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. விரதத்தைத் தொடரலாம், ஆனால் உணவை இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அம்மா இரண்டாம் வேளைக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர்மலை அடிவாரம், 8 ஜனவரி 2025, இரவு 10.00

நான் அஞ்சியது அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றித்தான். கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் உணவு இருக்கிறதா, விரதமா என்று அது கேட்பதில்லை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோவது அரிது. கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அளவு 3.9க்குக் கீழே இறங்கினால் விரதம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதைத் தாயாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள், தம்பி. மகன் சொன்னால் எடுபடாது. அவர் மதிக்கும் கோயில் குருக்களைச் சொல்லச் செய்யுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நாளை எழுதுகிறேன், அது நீண்ட கதை.

தண்ணீர்மலை அடிவாரம், 9 ஜனவரி 2025, பிற்பகல் 3.10

என் அண்ணனுக்கு 45 வயதில் இனிப்புநீர் வந்தது. மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் தைப்பூசத்தில் வெறுங்காலோடு பால்குடம் எடுக்கிறேன் என்று தண்ணீர்மலை முருகனிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்தான். 2012 தைப்பூசத்திற்கு அண்ணன் தயாரானார்.

அப்போது நான் கிளினிக்கில் பாதப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் குறிப்பிட்ட இடங்களில் வைத்து அழுத்துவோம். நோயாளி கண்களை மூடிக்கொண்டு, இழை படும்போது தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பல ஆண்டு இனிப்புநீர் நரம்பைக் கெடுத்திருந்தால் அவருக்கு அது தெரியாது. அண்ணனை வீட்டு நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தேன். முதல் மூன்று முறையும் தெரிகிறது, தெரிகிறது என்றார். நான்காவது முறை நான் இழையை வைக்கவே இல்லை. அப்போதும் தெரிகிறது என்றார்.

உங்கள் கால் செத்திருக்கிறது, வெயில் ஏறிய தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நேர்ந்துகொண்டது வெறுங்கால், முருகன் பார்த்துக்கொள்வார் என்றார். நான் ஒருமுறை வாதாடினேன், இரண்டாம் முறை குரலை உயர்த்தினேன், மூன்றாம் முறை விட்டுவிட்டேன். தங்கைதானே என்ற எண்ணம் அவருக்கு, சொல்லியாயிற்று என்ற எண்ணம் எனக்கு.

ஜாலான் டத்தோ கெராமாட்டிலிருந்து அவர் கிளம்பியபோது காலை பத்தரை மணி ஆகியிருந்தது. கூட்டத்தில் ஊர்ந்து மலையடிவாரத்தை அடைந்தபோது உச்சி வெயில். பாலைக் கொஞ்சமும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார், வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை. வலி தெரியாததை நாங்கள் எல்லோரும் அருள் என்று நினைத்தோம். நான் நினைத்திருக்கக் கூடாது, நினைத்தேன். அன்றிரவு அண்ணி கால் கழுவிவிடும்போதுதான் இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு, நேர்த்திக்கடனில் வந்த புண்ணுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று இருந்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு சேர்த்தபோது வலது காலின் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

தண்ணீர்மலை அடிவாரம், 10 ஜனவரி 2025, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஆண்டு தவறு என்கிறார். புதிய மலைக்கோயிலின் குடமுழுக்கு 2012 ஜூனில்தான் நடந்தது. அண்ணன் ஏறியது புதிய 513 படிகளில். ஆகவே அது 2013 தைப்பூசம். வேப்பிலை மட்டும்தான் அரைத்தாராம், மஞ்சள் இல்லையாம். இரண்டையும் திருத்திக்கொள்கிறேன், விரல்களின் எண்ணிக்கை சரியே.

தண்ணீர்மலை அடிவாரம், 19 ஜனவரி 2025, இரவு 8.45

பக்தி நோயைக் கூட்டவும் செய்யுமா என்று கேட்டவருக்கு இது. செய்யும். அதிலும், அதிகம் பேசப்படாத ஒரு வழியில்.

மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதைக் கடந்த ஏறக்குறைய 600 பேரை அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 2001இல் எழுதியிருக்கிறார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அவருக்கு அன்பு உண்டா என்று மனத்துக்குள் போராடிக்கொண்டிருந்தவர்கள், அப்படிப் போராடாதவர்களைவிட அந்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக இருந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. கிளினிக் வாசலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என்ன பாவம் செய்தேனோ என்று சொன்ன பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். 31 ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சர்க்கரை கூடியதற்கும் இதுதான், மார்பில் கட்டி வந்ததற்கும் இதுதான். கட்டியை எட்டு மாதம் மறைத்துவிட்டு வந்த ஒருவர், இது முன்வினை என்று தெரிந்த பிறகு யாரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது என்று என்னிடமே கேட்டார். தண்டனை என்று நினைத்துவிட்ட நோய்க்கு மருந்து தேடுவது தப்பியோடுவதைப் போல ஆகிவிடுகிறது. அவர்களிடம் நான் அறிவியல் பேசிப் பார்த்திருக்கிறேன், பயன் இல்லை. பிறகு அப்பரைப் பேசத் தொடங்கினேன்.

அப்பர் சமண மடத்தில் இருந்தபோது சூலை நோய் வந்து குடலை முறுக்கியது. மடத்தார் தமக்குத் தெரிந்த மந்திரமும் மயிற்பீலியும் கொண்டு முயன்று கைவிட்டார்கள். வலி தாங்காமல் தம் சமையல்காரரைத் தமக்கையார் திலகவதியாரிடம் அனுப்பினார். திலகவதியார் அங்கே வர மறுத்துவிட்டார். அப்பரே இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய்த் தமக்கையாரின் காலில் விழுந்தார். அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அடியார்கள் இதை இறைவன் ஆட்கொண்ட கதையாகச் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகளிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு: வலியை மறைத்துக்கொண்டு மடத்திலேயே கிடக்காமல் இருட்டில் எழுந்து நடந்தார் பாருங்கள், அதைச் செய்யுங்கள். நாவுக்கரசருக்கே நோய் வந்தது என்றால் உங்களுக்கு வந்ததற்குப் பாவக்கணக்குப் பார்க்கவேண்டாம் என்றதும் சிலர் அழுதார்கள், சிலர் கட்டியைக் காட்டினார்கள்.

தண்ணீர்மலை அடிவாரம், 20 ஜனவரி 2025, காலை 6.50

தனிச் செய்தி. இத்தாலியில் 23 பேரைச் செபமாலை சொல்லவும் மந்திரம் ஓதவும் வைத்து மூச்சை அளந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது என்றும், அந்த வேகத்தில் இதயமும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கின என்றும் 2001இல் வெளியிட்டிருக்கிறார்கள். இன்று காலை பதிகம் ஓதிக்கொண்டே நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழு வந்தது. எண்ணுவதில் கவனம் போய்ப் பாட்டின் மூன்றாம் அடியை விட்டுவிட்டேன், ஆகையால் இந்தச் சோதனை செல்லாது.

தண்ணீர்மலை அடிவாரம், 2 பிப்ரவரி 2025, இரவு 11.30

9ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். நேர்ந்துகொண்டதால் அண்ணனுக்கு விரல்கள் போயின என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அது முழு உண்மை அன்று, அண்ணனுக்கும் முருகனுக்கும் நான் நீதி செய்யவில்லை.

அந்த 48 நாளும் அண்ணன் மதுவைத் தொடவில்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் தொடர்ந்து ஒரு வாரம் தொடாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு இல்லை, இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் இல்லை. விடியுமுன் எழுந்து குளித்துக் கோயிலுக்கு நடந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.3 விழுக்காடு, விரதத்துக்கு முன் அது 9.6. கிருமி தொற்றிய உடம்பில் இந்த இறக்கம். அந்தச் சோதனை அளப்பது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை. அவை சுமார் 120 நாள் வாழ்வதால் 48 நாளின் பலன் அந்தச் சோதனையில் முழுதாகத் தெரியாது. இன்னும் இரண்டு மாதம் அப்படியே இருந்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். நான் அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரைகள் அத்தனையையும் முருகன் ஒரே நாளில் செய்ய வைத்துவிட்டார். என் சீருடைக்கு அந்த அதிகாரம் இருந்ததே இல்லை.

ஆகவே கெடுத்தது விரதம் அன்று. காலணி, வெயில், நேரம் ஆகிய மூன்றைப் பற்றியும் அவருக்குச் சொல்லத்தக்க அதிகாரம் உடையவர் எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓராண்டு கழித்து அவர் மறுபடி பால்குடம் எடுக்க வேண்டும் என்றபோது, நான் வாதாடாமல் எங்கள் கோயில் குருக்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குருக்கள் அண்ணனை அழைத்து, நேர்த்திக்கடன் மலைப்படியில் தொடங்குகிறது, அதுவரை உள்ளது வெறும் சாலை. சாலையில் செருப்புப் போடு, படியில் புதுக் காலுறை போடு, விடியுமுன் ஏறி இறங்கிவிடு என்றார். காலுறை ஆகாதே என்று அண்ணன் இழுத்தார். கால் இல்லாமல் அடுத்த ஆண்டு எப்படி வருவாய் என்று கேட்டார் குருக்கள். அதோடு பேச்சு முடிந்தது. ஆகம விதிப்படி குருக்கள் சொன்னது சரியா என்று யாரேனும் இங்கே வாதம் தொடங்கினால் நான் கலந்துகொள்ளப் போவதில்லை.

தண்ணீர்மலை அடிவாரம், 12 பிப்ரவரி 2025, பிற்பகல் 2.20

தைப்பூசம் முடிந்தது. நேற்று அதிகாலை நான்கரை மணிக்கு அண்ணனோடு ஏறினேன். தார்ச்சாலை குளிர்ந்திருந்தது. இறங்கி வந்ததும் அடிவாரத்தில் உட்கார வைத்துக் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். இடது குதிகாலில் சிவப்பு, புண் இல்லை.

என் மனக்குறை தண்ணீர்ப்பந்தல்களைப் பற்றியது. அன்னதானத்தையும் தண்ணீர்ப்பந்தலையும் குறை சொல்கிறவர் பினாங்கில் வீடு திரும்ப முடியாது என்பது தெரிந்தும் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் இரத்தச் சர்க்கரை கூடியிருந்தவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவருக்கு நாம் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு ரோஸ் சிரப்பும், பால் கலந்த மைலோவும், சீனி போட்ட சோயாப் பாலும் கைக்குக் கை கொடுக்கிறோம். நேற்று எண்ணியபடி, நான் கடந்த பதினான்கு பந்தல்களில் வெறும் தண்ணீர் மூன்றில்தான் கிடைத்தது. மோர் ஒன்றே ஒன்றில். அந்த மோர்ப் பந்தல்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் என் வணக்கம்.

செந்தூல்வாசி, 14 பிப்ரவரி 2025, இரவு 9.00

அம்மா பால்குடம் எடுத்து முடித்தார். 272 படிகளையும் ஏறினார். எங்கள் கோயில் குருக்கள், இரண்டாம் வேளை உணவை நைவேத்தியமாக வைத்துவிட்டு உண்டால் அது பிரசாதம், விரதம் கெடாது என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். சர்க்கரை கடைசி வாரத்தில் காலையில் 8க்கும் 10க்கும் இடையே இருந்தது. பஜனைக் குழுக்காரர் இப்போது, எல்லாம் விரதத்தின் மகிமை என்கிறார்.

தண்ணீர்மலை அடிவாரம், 14 பிப்ரவரி 2025, இரவு 9.25

சொல்லிவிட்டுப் போகட்டும். மாத்திரை பேரும் புகழும் கேட்பதில்லை. காலை அளவு 8, 10 என்பது இன்னும் கூடுதலே, அடுத்த சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

தண்ணீர்மலை அடிவாரம், 3 மார்ச் 2025, இரவு 8.15

நோன்பு நேற்றுத் தொடங்கியது. அடுத்த வீட்டுத் தமிழ் முஸ்லிம் அம்மையார் கஞ்சி கொடுத்தனுப்பினார், அதைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். அவருக்கும் இனிப்புநீர் உண்டு. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்குக்குப் போய்க் காலை மாத்திரையை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றிக்கொண்டார். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது அவருக்குத் தெரியும். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு ஈடுசெய்யலாம், நோய் தீராதென்றால் ஏழைக்கு உணவளிக்கலாம் என்பதும் தெரியும். இவை மார்க்கத்துக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட விதிகள் என்பதால், மாத்திரை நேரத்தை மாற்றுவதில் அவருக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

நம்மிடம் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கருவுற்றவர், நோயாளி, முதியவர் விரதம் இருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் நேர்த்திக்கடன் பக்தனுக்கும் தெய்வத்துக்கும் இடையே நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம். நடுவில் விதி சொல்ல ஆள் இல்லை. நிபந்தனையை நாமே எழுதுகிறோம், எழுதும்போது உணர்ச்சிவசப்பட்டிருக்கிறோம், அதனால் வெறுங்கால் என்றும் ஒருவேளை உணவு என்றும் கடுமையாக எழுதிவிட்டுப் பிறகு மாற்ற அஞ்சுகிறோம். குருக்களைப் பிடியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தண்ணீர்மலை அடிவாரம், 17 மார்ச் 2025, இரவு 9.50

ஜனவரி 6ஆம் தேதி, கோயிலில் யார் வரவில்லை என்று எவருக்கும் தெரியாது என எழுதியிருந்தேன். அதைப் பொதுவிதியாக எழுதியதற்காக எங்கள் செவ்வாய்க்கிழமை விளக்குப் பூசைப் பெண்கள் என்மேல் வருத்தப்பட்டார்கள், நியாயமே. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலுள்ள சிறிய மாரியம்மன் கோயிலில் பதினாறு பேர் சேர்ந்து விளக்கேற்றுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒரு பாட்டி இரண்டு செவ்வாய் தொடர்ந்து வரவில்லை. மூன்றாவதற்குக் காத்திருக்காமல் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்த நிலையில், நாற்காலியைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து ரொட்டியும் தண்ணீருமாக ஒன்பது நாள் இருந்திருக்கிறார். மகன் சிங்கப்பூரில். தொலைபேசியில் நலம் என்று சொல்லிவந்திருக்கிறார். இன்று தடியோடு வருகிறார். இதை வழிபாட்டின் பலன் என்று சொல்வதா, பதினாறு பெண்கள் கூடியதன் பலன் என்று சொல்வதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூடுவதுதான் காரணம் என்றால் தையல் வகுப்பும் போதுமே என்று ஒருமுறை சொன்னேன். தையல் வகுப்பை ஆறே மாதத்தில் விட்டுவிட்டோமே என்றார் பாட்டி. உண்மை. மாரியம்மனுக்காக இருபத்திரண்டு ஆண்டுகளாக வருகிறோம்.

தைப்பூசத்திற்குப் பிறகு, இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மாதம் ஒரு முறை பூசை முடிந்ததும் பாதம் பார்க்கிறேன். சென்ற செவ்வாய் ஏழு பேரைப் பார்த்து முடித்து இழையை உறையில் வைக்கப் போனபோது, நாள் முழுதும் வெறுங்காலோடு வெயில் ஏறிய கல்தரையில் நடக்கும் எங்கள் குருக்கள் தாமே வந்து உட்கார்ந்து, எனக்கும் குத்திப் பாருங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டார். வலது காலில் எல்லா இடமும் தெரிந்தது. இடது காலில் பெருவிரலுக்குக் கீழே இரண்டு இடங்களில் நான் அழுத்தியபோது அவர் வாய் திறக்கவில்லை. முடிந்ததா என்று கேட்டார். கிளினிக்குக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை போவதாகச் சொல்கிறார். போகிறாரா என்று பார்க்கும் பொறுப்பைத் தடியோடு வரும் பாட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்.